சவுண்டு டியூனிங்குக்கு ஒரே ரேட்டு, நெசமாவா தம்பி?

ஸ்பீக்கர் விற்கிறவனையாவது நம்புவார்கள், பெட்டி கண்ணுக்குத் தெரியும். இருக்கிற ஸ்பீக்கரை ஒழுங்காகப் பேசவைக்கிறவனை ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத வேலைக்குக் கூலி கேட்டு அலைகிற ஆளா நீங்களும்? அப்படியென்றால் வாங்க, பக்கத்தில் உட்காருங்க.

தேனியில் ஸ்பீக்கர் கடை வேலையை விட்டுவிட்டு, டியூனிங்கை மட்டும் நம்பி இறங்கியவன் நான். எந்த மண்டபமானாலும் ஒரே ரேட்டு என்று முடிவு. ஒரு இடத்தில் குறைத்தால் போச்சு, சாயங்காலத்துக்குள் கூடலூர் வரை தெரிந்துவிடும். அப்புறம் குறைத்த விலைதான் என் விலை. பழைய முதலாளி கடை வாசலில்தான் மறுபடி போய் நிற்கணும்.

உஸ்ஸுன்னா காசா?

தேவாரத்தில் ஒரு கல்யாண மண்டபம். ஓனர் ஏலக்காய் வியாபாரி. பேச்சு பின்வரிசைக்குப் புரியவில்லை, மைக் கொய்ங் என்று கத்துகிறது என்று கூப்பிட்டிருந்தார். நடு மண்டபத்தில் ஒரு மைக்கை நிறுத்தி, லேப்டாப்பைத் திறந்து, ஸ்பீக்கரில் 'உஸ்ஸ்' என்று ஒரே சீராக இரைச்சலை விட்டேன். எந்தச் சத்தம் தூக்கலாக அடிக்கிறது, எது அமுங்குகிறது என்று அதை வைத்துத்தான் பார்க்கணும். அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டு, தராசு பிடிக்கிறவனைப் பார்க்கிற மாதிரி என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடித்துவிட்டு மேடையில் நின்று மெதுவாகப் பேசிக் காட்டினேன். பின்வரிசையில் உட்கார்ந்து தலையை ஆட்டினார். ரேட்டைச் சொன்னதும் ஆட்டம் நின்றது. பாதியைக் கொடுத்து, மீதி ஒரு கல்யாணம் முடியட்டும் என்றார். அந்தக் கல்யாணத்தில் அவருடைய ஆபரேட்டர் என் செட்டிங்கையெல்லாம் கலைத்து, தும்தும் என்கிற பாஸ் சத்தத்தை முறுக்கி, ஜன்னல் அதிர விட்டிருக்கிறான். மீதியைக் கேட்கப் போனேன்.

"முன்னாடியும் கொய்ங்குன்னுச்சு, இப்பவும் கொய்ங்குங்குது. உஸ்ஸுன்னு ஒரு சத்தம் விட்டதுக்கா தம்பி காசு கேக்குறீக?"

கெடுத்தது யாரு?

அடுத்து ராயப்பன்பட்டிப் பக்கம் ஒரு மாதா கோயில். இந்தத் தடவை உஷாராக, பழைய செட்டிங்கில் ஒரு வாசகம் வாசிக்கச் சொல்லி, பிறகு என் செட்டிங்கில் அதையே வாசிக்கவைத்தேன். வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. கமிட்டியில் எல்லாரும் சிரித்தார்கள், பொருளாளர் மட்டும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். காசுப் பை இருப்பது அவரிடம்தான். "நல்லாத்தான் கேக்குது. ஆனா பழைய செட்டிங்குன்னு போட்டுக் காட்டுனீகளே, அதை நீங்களே கெடுத்து வச்சுக் காட்டலன்னு நாங்க எப்படி நம்புறது?"

பூட்டு

மாதா கோயிலிலும் பாதிதான் கொடுத்தார்கள்; இரண்டு இடத்திலும் மீதி வரவில்லை. "பேசாம குறைச்சு வாங்குங்க, இல்லாட்டிக் கடைக்கே போங்க" என்றாள் மனைவி. கடைசியாக ஒன்று பார்த்துவிடுவோம் என்று கம்பத்தில் ஒரு மண்டபத்துக்குப் போனேன். ஓனர் துணிக்கடை ராவுத்தர். அங்கே ஆபரேட்டர் கை வைக்க முடியாதபடி செட்டிங்குக்கு பாஸ்வேர்டு போட்டு, ராவுத்தர் காதில் மட்டும் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "அப்ப உங்களுக்கும் தெரியுமே!" என்றார். அட ஆண்டவா! மாற்றுகிற விதத்தைக் காட்டிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். அவரே மாற்றிக்கொண்டார்.

அந்த மண்டபத்தில் முதல் விசேஷம் அவர் மகள் நிக்காஹ். ஆபரேட்டர் பாஸ்வேர்டு கேட்டுக் கெஞ்சியும் கொடுக்கவில்லை, சொந்த மச்சானுக்கும் கொடுக்கவில்லை. கடைசி வரிசை வரைக்கும் ஒவ்வொரு வார்த்தையும் கேட்டதாம். மறுநாள் மீதியை முழுசாகக் கையில் வைத்தார். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில், வருஷம் ஒருதடவை வந்து பார்த்துத் தருகிறேன், பாஸ்வேர்டை மட்டும் நீங்களே போட்டுக் கொடுங்கள் என்றேன். ராவுத்தர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒருத்தனுக்கும் தெரியக் கூடாதுன்னு நீளமாப் போட்டேன், இப்ப எனக்கே மறந்துபோச்சு. ஆபரேட்டர்கிட்ட சொல்லிப்புடாதீக தம்பி!"

கூட்டு

அந்த நிக்காஹில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் தேவாரத்து ஏலக்காய்க்காரரும் ஒருவர். மறுவாரமே போன். நம்ம மண்டபத்தையும் மறுபடி சரிபண்ணி அந்தப் பூட்டைப் போடுங்க, பழைய மீதியைத் தாறேன் என்றார். போய் முடித்தேன். "கம்பத்துல எம்புட்டு வாங்குனீக?" என்றார். இதே ரேட்டுத்தான் என்றேன். "நெசமாவா?" என்றவர், என் கண்ணெதிரே ராவுத்தருக்குப் போனைப் போட்டு ஸ்பீக்கரில் விட்டார். ராவுத்தரும் முழு ரேட்டையும் கணீரென்று சொன்னார். போனை வைத்தவர், மீதியை ஒரு ரூபாய் குறையாமல் என் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"கேட்டதும் விலையச் சொல்ற ஆளா அவரு? ரெண்டு பேரும் முன்னாடியே பேசி வச்சுக்கிட்டீக!"

தேனியிலிருந்து கூடலூர் வரைக்கும் என் காதை இன்றைக்கு எல்லாரும் நம்புகிறார்கள், என் வாய் சொல்கிற விலையைத்தான் காசைக் கொடுத்த பிறகும் ஒருத்தரும் நம்பக் காணோம்.