வெயிலுக்கு ஆகாத சாயம்

ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்த மதிவதனி, வேதியியல் படித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன சாயக் கம்பெனியில் சேர்ந்தாள். வெயிலில் தானாகக் கறுத்து நிழலில் தானாக வெளுக்கும் மூக்குக்கண்ணாடிக்கு உள்ளூரிலேயே சாயம் செய்ய வேண்டும் என்பது முதலாளி ஜெகதீசனின் கனவு.

சூட்சுமம், நைட்ரஜன் உள்ள ஒரு வளையத்தில் இருந்தது. வெயிலின் புற ஊதா ஒளி பட்டால் வளையம் திறந்து, கரைசல் நீலமாகும். ஒளி போனதும் மூடிக்கொண்டு நிறமற்றுப் போகும். மதிவதனி செய்த முதல் சாயங்கள் நீலமானதோடு சரி, திரும்பவே இல்லை. வருடங்கள் போயின. பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளைகளும் திரும்பவில்லை.

ஒரு மார்கழிக் காலையில் மொட்டைமாடியில் குப்பியை நீட்டினாள். அடர்நீலம். நிழலுக்குக் கொண்டுவந்தாள், தண்ணீர் போல் தெளிந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

ஜெகதீசன் எல்லோருக்கும் பிரியாணி வாங்கினார். "இப்ப இன்னா வெயிலு கீது? மே மாசம் பார்ட்டியக் கூப்புடலாம். சும்மா கும்முனு இருக்கும்."

"சூடு ஏறினா வளையம் சீக்கிரம் மூடிக்கும் சார். கலர் நிக்காது."

"வெயில் கண்ணாடிய வெயில்ல மாட்டாம குளுருலயா மாட்டுவாங்க?"

மே மாதம் கண்ணாடிக் கம்பெனியிலிருந்து ஸ்ரீநாத் வந்தார். செருப்பை மீறி மாடித் தரை சுட்டது. மதிவதனி நீட்டிய குப்பியில் தெரிந்தது, துணி அலசிய சொட்டுநீலத் தண்ணீர் போன்ற வெளிர்நீலம்.

"கலர் வந்துச்சா, போயிடுச்சா?" என்றார் ஸ்ரீநாத்.

"வந்துகினே போவுது சார்," என்றார் ஜெகதீசன்.

மதிவதனி கீழே ஓடி, ஒரு மக்கில் ஐஸ் தண்ணீர் கொண்டுவந்து குப்பியை அமிழ்த்தினாள். கரைசல் பேனா மை போலக் கறுத்தது. ஸ்ரீநாத் குனிந்து மக்குக்குள் பார்த்தார். பிறகு, "கண்ணாடியோட ஐஸும் நாங்களே தரணுமா மேடம்?" என்றார்.

ஆனாலும் சாம்பிள் வாங்கிப் போனார். பனிமலைக்குச் சுற்றுலா போகிறவர்களின் கண்ணாடிக்காக ஆர்டர் வந்தது. "நான் ஆரம்பத்துலயே குளுர மனசுல வெச்சுதான் செய்யச் சொன்னேன்," என்று பார்க்கிறவரிடமெல்லாம் சொன்னார் ஜெகதீசன். மதிவதனி மறுக்கவில்லை. சம்பளம் உயர்ந்திருந்தது.

அடுத்த மே மாதம் முதல் சரக்கு லாரி ஏறிய அன்று, கத்திரி வெயிலில் கண் கூச, மண்ணூர்பேட்டை பஸ் ஸ்டாப் நடைபாதைக் கடையில் ஒரு கறுப்புக் கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள்.

"கலர் மாறுமா?"

"மாறவே மாறாதுக்கா. கேரண்டி," என்றார் கடைக்காரர்.

வாங்கி மாட்டிக்கொண்டாள்.