கழிவு வெளியேறிய ஐந்து வருஷம்

திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்த ராயப்பராஜுக்கு நாற்பத்தாறு வயதில் நல்ல தொப்பை போட்டிருந்தது. விளையாட்டு வாத்தியாருக்குத் தொப்பை கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஆனாலும் தொண்ணூற்றேழாம் வருஷ விளையாட்டு விழாவில் அவருடைய ஷூ லேஸ் அவிழ்ந்துபோனது. குனிந்து பார்த்தார், எட்டவில்லை. காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துப் பார்த்தார், அப்போதும் எட்டவில்லை. கடைசியில் லேஸ் தரையைக் கூட்ட, அணிவகுப்பின் முன்னால் நடந்து போனார். மொத்தப் பள்ளிக்கூடமும் பார்த்தது. சிரிக்காமல் இருந்தவர் தலைமையாசிரியை ஒருவர்தான். அவருக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் மனைவி செபஸ்தியம்மாளிடம், "இனிமே எனக்குக் கறி வேணாம்" என்றார். தவக்காலத்தின் நாற்பது நாளைத் தவிர கறியில்லாத ஞாயிற்றுக்கிழமையை அறியாத வீடு அது. ஆனாலும் செபஸ்தியம்மாளுக்குச் சந்தோஷம்தான். மனுஷனுக்குப் பிரஷர் வேறு ஏறிக்கொண்டிருந்தது. "சரிங்க, கீரையும் பருப்பும் வச்சுத் தாரேன்" என்றாள்.

கீரையோடு நின்றிருந்தால் சொல்ல ஒன்றுமில்லை. அடுத்த வருஷம் யாரோ சொன்னார்கள் என்று பழனியில் நடந்த இயற்கை உணவு முகாமுக்கு மூன்று நாள் போனார். அதை நடத்தியவர் சோலைமலை என்பவர். வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு, உலகத்திலுள்ள எல்லா நோய்க்கும் ஒரே பதில். ராயப்பராஜ் திரும்பி வந்து, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சாம்பாரைக் காட்டிச் சொன்னார்: "அடுப்புல ஏறுனது அம்புட்டும் பொணம், செபஸ்தி."

முதலில் சோறு போனது. பிறகு பால் போனது, அது கன்றுக்குட்டியின் சொத்தாம். உப்பு போனது, டீ போனது. ஊறவைத்த பயறு கொஞ்ச நாள் இருந்தது. வகுப்பில் வயிறு தன் கருத்தைச் சத்தமாகச் சொல்லத் தொடங்கியதும் அதுவும் போனது. மிஞ்சியது தேங்காயும் சிறுமலை வாழைப்பழமும், எப்போதாவது நாலு பேரீச்சையும்.

உண்மையைச் சொல்ல வேண்டும். எட்டு மாதத்தில் தொப்பை கரைந்தது, பிரஷர் இறங்கியது. அதை செபஸ்தியம்மாள் ஒருநாளும் மறுத்ததில்லை. சிக்கல் என்னவென்றால், மனுஷனுக்கு மேடை கிடைத்துவிட்டது. சின்னாளப்பட்டி, ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்ப் பேசினார். பேச்சின் முடிவில் கண்ணை மூடி, கைகூப்பி, ஒற்றைக் காலில் ஒரு நிமிஷம் நின்று காட்டுவார். ஜனங்கள் கை தட்டுவார்கள். வீட்டில் செபஸ்தியம்மாளும் இரண்டு மகள்களும் சாப்பிட உட்கார்ந்தால், பக்கத்தில் வந்து நின்று இழவு வீட்டுக்கு வந்தவரைப் போலப் பெருமூச்சு விடுவார். அதற்குப் பயந்து மூவரும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நின்றபடியே சாப்பிடப் பழகினார்கள்.

ஒருநாள் பங்குச் சாமியாரிடமே போய், நற்கருணை அப்பமும் நெருப்பில் வெந்ததுதானே, அதை வாங்கலாமா என்று கேட்டார்.

சாமியார் திருப்பிக் கேட்டார். "ராயப்பராஜ், நீங்க அதை ஆண்டவர்னு நெனச்சு வாங்குறீங்களா, பலகாரம்னு நெனச்சு வாங்குறீங்களா?"

அடுத்த ஞாயிறு பேசாமல் நாக்கை நீட்டினார். அந்த நாக்கு தோலுரித்ததுபோலச் சிவந்து வழவழவென்று இருந்தது. செபஸ்தியம்மாள் கவனித்துக் கேட்டாள். "கழிவு வெளியேறுது" என்றார். இதுவும் பழனியில் படித்த பாடம். வந்த நோய் எதுவானாலும் அது நோயில்லை, பழைய கறிக்குழம்பின் கழிவு வெளியேறுவது.

இரண்டாயிரத்தொன்றில் பாதத்தில் எறும்பு ஊர்வதுபோல இருந்தது. கழிவு. விசிலை ஊதிவிட்டு எதற்கு ஊதினோம் என்று நிற்க ஆரம்பித்தார். அதுவும் கழிவு. ஒருநாள் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார். மற்றது எங்கே கழன்றது என்று அவருக்கே தெரியவில்லை. செருப்பும் கழிவாகத்தான் வெளியேறியிருக்க வேண்டும்.

பிறகு குளியலறையில் விழத் தொடங்கினார். சோப்பு போட்டு முகம் கழுவும்போது மட்டும். இரண்டு முறை தூக்கிவிட்ட செபஸ்தியம்மாள் மூன்றாம் முறை கேட்டாள். "கண்ணத் தொறந்தா நிக்கிறீக, மூடுனா விழுறீக. இதென்னங்க கழிவு, வெளிச்சத்துக்குப் பயப்படுது?"

"ஒனக்கு அது புரியாது" என்றார். அவள் ஒன்பதாம் வகுப்புதான் படித்தவள். அதனால் புரியாதுதான்.

இரண்டாயிரத்து மூன்று ஜனவரியில் பழனியில் பெரிய கூட்டம். சந்தேகப்பட்டு செபஸ்தியம்மாளும் கூடப் போனாள். ராயப்பராஜ் முக்கால் மணி நேரம் பேசினார். கடைசியில் வழக்கம்போல மேடையின் நடுவில் வந்து, கைகூப்பி, ஒரு காலைத் தூக்கி, கண்ணை மூடினார். ஒரு நிமிஷம் வேண்டாம், ஒரு நொடிகூட ஆகவில்லை. வெட்டிய வாழை மாதிரி சாய்ந்து, மைக் கம்பியையும் இழுத்துக்கொண்டு, முன்வரிசைக்காரர்களின் காலடியில் வந்து விழுந்தார். புருவம் கிழிந்து ரத்தம் கொட்டியது.

சோலைமலை மைக்கை நிமிர்த்தினார். "ஏனுங்க, யாரும் பயப்படாதீங்க. அய்யாவுக்குக் கழிவு கொஞ்சம் வேகமா வெளியேறுதுங்க, அவ்வளவுதானுங்க."

கூட்டம் கை தட்டியது.

செபஸ்தியம்மாள் எழுந்தாள். "தட்டுனது போதும். அந்தக் கைய வச்சு ஒரு ஆட்டோவக் கூப்பிடுங்க" என்றாள்.

புருவத்தில் தையல் போட்ட கையோடு மதுரையில் ஒரு நரம்பு டாக்டரம்மாவிடம் கொண்டுபோனாள். டாக்டரம்மா ஒரு இரும்புக் கவையைத் தட்டி அதிரவிட்டு, அவருடைய கணுக்காலில் வைத்து, "அதிருதா சார்?" என்று கேட்டார்.

"எது?" என்றார் ராயப்பராஜ்.

பிறகு டாக்டரம்மா, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். இதற்குத்தானே மனுஷன் காத்திருந்தது. மேடையில் சொல்வதையெல்லாம் கால் மணி நேரம் சொன்னார். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு ரத்தத்துக்கு எழுதிக் கொடுத்தார். முடிவு வந்ததும் மறுபடி கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"சார், பி-12னு ஒரு சத்து. நரம்புக்கும் ரத்தத்துக்கும் அது வேணும். தேங்காய்லயும் கிடையாது, வாழைப்பழத்துலயும் கிடையாது."

"ஆடு மாடு புல்லைத்தானே திங்குது? அதுக்கு மட்டும் எங்கிருந்து வருது டாக்டர்?"

"அது வயித்துல இருக்கிற கிருமி செஞ்சு குடுக்குது. உங்களுக்கும் மாடு மாதிரி நாலறை வயிறு இருக்கா சார்?"

ராயப்பராஜ் புருவத்துத் தையலைத் தடவிக்கொண்டார்.

"அப்ப இத்தனை வருசம் எப்படிம்மா ஓடுச்சு?" என்று செபஸ்தியம்மாள் கேட்டாள்.

"முன்னாடி சாப்பிட்ட கறி, பால்ல இருந்து இவரோட ஈரல் அதைச் சேத்து வச்சிருக்கும்மா. அது சில வருஷம் தாங்கும். அதை வச்சுத்தான் ஓட்டியிருக்காரு."

செபஸ்தியம்மாள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப மேடையில பேசுனதெல்லாம் என் கறிக்கொழம்பாங்க?"

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சைவம் தப்பே இல்ல சார். சோறு, பருப்பு, பயறு, கீரை, கடலைனு கலந்து சாப்பிட்டு, பி-12 மாத்திரையும் போட்டுக்கிட்டா, பாலைக்கூடத் தொடாம நல்லா இருக்கலாம். ரெண்டே பொருளை வச்சு உடம்பை நடத்த முடியாது. இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா நடக்கவே மாட்டீங்க."

ஊசி போட்டார்கள். முதலில் தினமும், பிறகு வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று. வீட்டுக்கு வந்த அன்று செபஸ்தியம்மாள் குழைய வடித்த சோற்றில் தயிர் ஊற்றிப் பிசைந்து கொண்டுவந்து வைத்தாள். ஐந்து வருஷமாக அவரிடம் சொல்லவென்று எத்தனையோ வார்த்தையை அவள் சேர்த்துவைத்திருந்தாள். சமையலறையில் நின்றுகொண்டே தின்ற ஒவ்வொரு வாய்க்கும் ஒன்று. முதல் கவளத்தை அவர் வாயில் வைத்தார். உப்பின் ருசியை மறந்துபோயிருந்த மனுஷன் கண்ணை அகல விரித்து அவளைப் பார்த்தார். சேர்த்துவைத்திருந்ததில் ஒன்றுகூட வெளியே வரவில்லை.

"இன்னும் செத்த ஊத்தவா?" என்று மட்டும் கேட்டாள்.

ஞாபகம் மூன்று மாதத்தில் திரும்பியது. கால் அவ்வளவு சுலபமாகத் திரும்பவில்லை. வலது பாதத்தில் மரமரப்பு கடைசிவரை மிச்சமிருந்தது. செருப்பை விட்டுவிட்டு வார் வைத்த சாண்டலுக்கு மாறினார். மைதானத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விசில் ஊதினார். சோலைமலை ஒரு கடிதம் போட்டார், ஊசியும் கழிவுதான் என்று. ராயப்பராஜ் அதை இரண்டு முறை படித்துவிட்டு மடித்து வைத்தார், பதில் எழுதவில்லை.

இரண்டாயிரத்தைந்தில் மூத்தவள் லிடியாவின் கல்யாணம். பந்தியில் ஊரே பிரியாணி சாப்பிட்டது. ராயப்பராஜ் மட்டும் ஓரத்து இலையில் சாம்பார் சாதமும் முட்டைப் பொரியலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எட்டு வருஷத்தில் நாக்குக்குக் கறி மறந்தே போயிருந்தது.

"என்ன வாத்தியாரே, மக கல்யாணத்துல பிரியாணி வேணாமா?" என்று சம்பந்தி கேட்டார்.

"அது என் கொள்கைங்க" என்றார் ராயப்பராஜ்.

பக்கத்தில் நின்ற செபஸ்தியம்மாள், பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, கொள்கைக்கு இன்னும் ரெண்டு அப்பளம் வைக்கச் சொன்னாள்.