இடப்பக்கம் திரும்பாத டிரைவர்

முதலில் உடைந்தது என் ஜீப்பின் இடப்பக்கக் கண்ணாடி. காலை எட்டு மணிக்கு ஐந்து சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு மூணாறு பக்கம் சின்னக்கானலிலிருந்து கிளம்பியிருந்தேன். தேயிலைக் கொழுந்து மூட்டைகளோடு ஓரமாக நின்றிருந்த ஒரு டிராக்டரை உரசிக்கொண்டு வண்டி போயிருக்கிறது. கண்ணாடி தெறித்த சத்தம் எனக்கும் கேட்டது. ஆனால் அது என் வண்டியில் நடந்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பின்னால் இருந்தவர் என் தோளைத் தட்டி வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கும்போது இடக்கால் மடங்கியது. கால் மரத்துவிட்டது என்று அவரிடம் சப்பைக்கட்டு கட்டினேன். இருபது வருடமாக இந்த மலையில் ஜீப் ஓட்டுகிறவன் நான். ஸ்டியரிங் பிடித்த நிலையில் எனக்கு ஒன்று ஆகும் என்பதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

பக்கத்து ரிசார்ட்டில் வேலை பார்க்கும் என் மச்சினன் ஸ்டீபன் ஓடி வந்தான். என் மனைவி சுகந்தியைத் தோட்டத்திலிருந்து அப்படியே கூட்டிக்கொண்டு, போடிமெட்டு வழியாக என்னைத் தேனிக்கு இறக்கினான். ஸ்கேன் எடுத்தார்கள். பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைபட்டு, மூளையின் ஒரு பகுதி செயலிழப்பது) என்றார் டாக்டரம்மா. எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது.

இதை வாசிக்கிற உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிப் படுத்திருக்கலாம். கை கால் வராமல் போவது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதைவிடத் தந்திரமான ஒன்றைப் பற்றிச் சொல்லத்தான் நான் எழுத உட்கார்ந்தேன்.

ஆஸ்பத்திரியில் நான்காம் நாள் இட்லி வந்தது. இரண்டைச் சாப்பிட்டுவிட்டு, நான்கு கேட்டால் இரண்டு கொடுக்கிறாயே என்று கேன்டீன்காரரோடு சண்டைக்குப் போனேன். சுகந்தி தட்டை அரை வட்டம் திருப்பி வைத்தாள். மீதி இரண்டு இட்லியும் அங்கே இருந்தன. கேன்டீன்காரர் சிரிக்காமல் போனார். அவர் சிரித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு அவமானமாக இருந்திருக்காது.

இடப்பக்கப் புறக்கணிப்பு (கண் நன்றாகத் தெரிந்தாலும், இடப்பக்கம் இருப்பதை மூளை கணக்கில் எடுக்காத நிலை) என்று டாக்டரம்மா விளக்கினார். "உங்க கண்ணுல கோளாறு இல்ல. அந்தப் பக்கம் ஒண்ணு இருக்குன்னே உங்க மூளைக்குத் தோணல. கொஞ்சம் கொஞ்சமா திரும்பி வரும். ஆனா நான் எழுதிக் கொடுக்கிற வரைக்கும் வண்டியத் தொடக்கூடாது." வலி என்றால் வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லலாம். எனக்குத் தெரியாமலே எனக்கு இருக்கும் ஒன்றை நான் எப்படிச் சொல்வது?

மூன்று வாரம் கழித்து லயத்துக்குத் திரும்பினோம். எஸ்டேட்காரர்கள் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் எங்களுடையது கடைசி வீடு. சுகந்தி கொழுந்து எடுக்கிறவள். விடிந்ததும் மலைக்குப் போய்விடுவாள். நான் வாசலில் உட்கார்ந்து, தார்ப்பாய் போர்த்தி நிற்கும் ஜீப்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வாரம் இரண்டு நாள் அடிமாலியில் பிசியோதெரபி (பயிற்சிகள் மூலம் தசைகளைப் பழக்கும் சிகிச்சை). அங்கே இருந்த மலையாளிப் பெண், "இடத்தோட்டு நோக்கிக்கே சேட்டா" என்று நூறு தடவை சொல்லி என் தலையை இடப்பக்கம் திருப்பவைப்பார். அந்த அறையை விட்டு வெளியே வந்ததும் தலை பழையபடி வலப்பக்கம் போய்விடும்.

இடக்கை விரல்களுக்கு வேலை வேண்டும், பிடித்தது எதையாவது செய்யுங்கள் என்று அவரே சொன்னார். ஸ்டீபனிடம் இதைச் சொன்னபோது அவன் கண்கள் விரிந்தன. அடுத்த ஞாயிறு ரிசார்ட்டில் ஒதுக்கிப் போட்டிருந்த ஒரு பழைய கம்ப்யூட்டரைச் சுமந்துகொண்டு வந்தான். "அத்தான், இதுல என்ன ஏத்திருக்கேன்னு பாருங்க."

இருபது வருடத்துக்கு முன்னால் மூணாறில் ஒரு நெட் சென்டரில் நானும் அவனும் பைத்தியமாகக் கிடந்த விளையாட்டு அது. எண்பதுகளில் நடக்கிற கதை. ஒரு கடற்கரை நகரம், இளஞ்சிவப்பு விளக்குகள், பூப்போட்ட சட்டை, கார் ரேடியோவில் பழைய பாட்டு. நாம் ஒரு ரவுடி. கண்ணில் பட்ட காரைப் பிடுங்கிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். மூணாறை விட்டு வெளியே போகாத வயதில், நான் பார்த்தே இராத அந்த அமெரிக்க நகரத்தின் சந்து பொந்தெல்லாம் கரைத்துக் குடித்திருந்தேன்.

ஆரம்பப் பாட்டு வந்ததும் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். இப்போது பார்த்தால் படம் கட்டம் கட்டமாக இருக்கிறது, மனிதர்களின் கை உலக்கை போல இருக்கிறது. இருந்தாலும் மூன்று மாதத்துக்குப் பிறகு நான் ஒரு வண்டியை ஓட்டினேன். சும்மா சொல்லக்கூடாது, அழுதுவிட்டேன்.

ஸ்டீபன் விழுந்து விழுந்து சிரித்தான். பிடுங்கின காரில், போலீஸ் துரத்தும்போது, நான் ஒவ்வொரு முனையிலும் ஹாரன் அடித்தேன். ஒரு மேட்டில் எதிரே ஏறி வந்த லாரிக்கு ஒதுங்கி வழிவிட்டேன். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவன் வழிவிட வேண்டும் என்பது எங்கள் மலையில் கையில் ஊறின பழக்கம். "கொள்ளையடிக்கப் போறப்பவும் ஏற்ற வண்டிக்கு வழி விடுதிய பாத்தியளா, அங்கதான் நிக்கிய" என்றான். அந்த நாட்டில் எல்லோரும் சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறார்கள். நான் மட்டும் பிடிவாதமாக நம் ஊர் போல இடப்பக்க ஓரம் பிடித்தே ஓட்டினேன்.

ஒரு மாதத்தில் விரல்கள் நன்றாக இயங்கின. கீபோர்டில் வண்டியைத் திருப்பும் எழுத்துகள் இடக்கைப் பக்கம் இருந்ததால் நல்ல பயிற்சி. என்னைப் பற்றி எனக்கே பெருமையாக இருந்தது. ஸ்டீபனிடம் அளந்தேன்: "மேப்பே இல்லாம ஓட்டுதேன்டா. இந்தக் காப்பில மேப்ப எடுத்துட்டானுவ போல. எனக்கென்ன, எல்லாம் மனசுலயே இருக்கு."

அவன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு என் தாடையைப் பிடித்து இடப்பக்கம் திருப்பினான். திரையின் இடது கீழ் மூலையில் வட்டமாக மேப் இருந்தது. முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது. போலீஸ் துரத்தலைக் காட்டும் நட்சத்திரங்கள் வலது மேல் மூலையில். அவற்றை நான் ஒருநாளும் தவறவிட்டதில்லை.

"சின்ன விஷயம்டா, கவனிக்கல" என்று பூசி மெழுகினேன். எனக்கு அவசரம் இருந்தது. ஆறாவது மாதம் டாக்டரம்மா சோதித்து, ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தால்தான் ஜீப் ஸ்டாண்டில் என் முறை திரும்பக் கிடைக்கும். அந்தச் சோதனைத் தாள் எனக்குத் தெரியும். தாள் முழுக்கச் சிறிய நட்சத்திரங்கள் சிதறியிருக்கும். ஒன்று விடாமல் பேனாவால் கோடு போட்டு அடிக்க வேண்டும். அடிமாலியிலிருந்து ஒரு நகல் வாங்கி வந்து, எந்த இடத்தில் எத்தனை என்று மனப்பாடம் செய்திருந்தேன். பரீட்சைக்குப் பிட்டு எழுதுகிற புத்தி இந்த வயதிலும் போகவில்லை.

சோதனைக்கு இரண்டு வாரம் இருந்தது. அன்று மழையால் சீக்கிரமே வேலை விட்டு வந்த சுகந்தி, தலைத்துண்டைக்கூட அவிழ்க்காமல் என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு வருடமாகக் கொழுந்து எடுக்கிறவள். ஒரு நிரையில் எந்தச் செடியின் எந்தப் பக்கம் கை படாமல் விட்டிருக்கிறது என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவாள். விட்டுப்போன பக்கத்தை எடுக்கச் சொல்லி சூப்பர்வைசர் திருப்பி அனுப்பி அனுப்பிப் பழகின கண்.

"ஏங்க, அந்தா தெரியுத கடைக்குத்தானே போகணும்? எதுக்குச் சுத்திச் சுத்திப் போறிய?"

"ரோடு அப்படி."

"ரோடு நேரா லெப்ட்ல போவுதே. நீங்க மூணு தடவ ரைட்டுல திரும்பி வாரிய. நானும் வந்ததுலேருந்து பாக்கேன், லெப்ட்ல ஒரு தடவகூடத் திரும்பல."

இடக்கை விரலுக்கு இன்னும் பலம் வரவில்லை, அதனால்தான் என்றேன். அவள் யோசித்தாள். "அப்ப வலக்கையால ஓட்டுங்க" என்றாள். கீபோர்டின் வலப்பக்கத்திலும் அம்புக்குறி பட்டன்கள் இருக்கின்றன. வலக்கையை அதில் வைத்து, வீம்புக்கென்றே ஓட்டினேன். முதல் முனையில் வலப்பக்கம் திரும்பினேன். அடுத்த முனையிலும் வலப்பக்கம். விரலில் குறை இல்லை என்று எனக்கே தெரிந்துவிட்டது. கையும் களவுமாக அகப்பட்டவன்போல உட்கார்ந்திருந்தேன்.

அவள் அதோடு விடவில்லை. திரையை விரலால் தொட்டாள். "இந்த ஓரத்துல நடக்கவங்கள எல்லாம் இடிச்சுட்டே போறிய. தெரியுதா?"

தெரியவில்லை. அவள் சொன்ன பிறகு தலையைத் திருப்பிப் பார்த்தேன். நடைபாதையில் ஒரு பெண் விழுந்து கிடந்தாள், பக்கத்தில் ஒரு கிழவர். இருபது வயதில் இதற்காகவே சிரித்துச் சிரித்து விளையாடியிருக்கிறோம். இப்போது நான் இடிக்கிறேன் என்றே எனக்குத் தெரியாமல் இடித்திருக்கிறேன்.

"வெளாட்டுதானே" என்றேன்.

"வெளாட்டுதான். ஆனா இங்க ரோட்டோரமா நடக்கது நாங்கதானே" என்றாள் சுகந்தி.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. உனக்கு நான் வீட்டிலேயே கிடந்து அழுக வேண்டும், அதுதானே ஆசை என்று கத்தினேன். இன்று நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அவள் சமையலுக்குப் போனாள். இரண்டு நாள் நான் கம்ப்யூட்டரைத் தொடவில்லை.

மூன்றாம் நாள் பார்த்தால், திரையின் இடது ஓரம் முழுக்கச் சிவப்பு டேப் ஒட்டியிருந்தது. "சிவப்பு கண்ணுல படுத வரைக்கும் வண்டிய எடுக்காதிய" என்று மட்டும் சொல்லிவிட்டு மலைக்குப் போய்விட்டாள். அடிமாலியில் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். தட்டிலும் அப்படியே செய்தாள். ஊறுகாய் இடது ஓரத்தில் இருக்கும், அதைக் கண்டுபிடித்த பிறகுதான் சோறு.

ஒவ்வொரு முனையிலும் வண்டியை நிறுத்திச் சிவப்பைத் தேடினேன். கிழட்டு எருமை வேகத்தில் போனேன். ஒரு வாரம் கழித்து ஒருநாள் மதியம், முதல் தடவையாக இடப்பக்கம் திரும்பினேன். தெருமுனையில் கடல் வந்தது. அந்த ஊரில் கடல் உண்டு என்பதையே நான் மறந்துபோயிருந்தேன். வண்டியை மணலில் விட்டு இறங்கி, எந்த வேலையும் செய்யாமல் அந்தக் கட்டம் போட்ட அலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகும் நாலு முனைக்கு ஒரு முனையில்தான் இடப்பக்கம் எனக்கு நினைவு வந்தது.

சோதனை நாளில் டாக்டரம்மா அதே தாளைத் தந்தார். மளமளவென்று அடித்தேன். ஒன்றுகூட விடவில்லை. "பரவாயில்லையே, ரொம்ப நல்லா வந்திருக்கு" என்று சிரித்தார். மற்ற சோதனைகளும் முடிந்து, எழுதுவதற்குப் பேனாவை எடுத்தார். அந்தப் பேனாவுக்காகத்தான் ஆறு மாதம் காத்திருந்தேன். சுகந்தி பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் வாய் திறக்கவில்லை. அவள் சொல்லியிருந்தால் நான் மறுத்துச் சண்டை போட்டிருப்பேன் என்று நினைக்கிறேன்.

"டாக்டர், எழுதாதீங்க" என்றேன். "இந்தத் தாளை மனப்பாடம் பண்ணிட்டு வந்தேன். நான் இன்னும் லெப்ட்ல திரும்புறதில்ல."

விளையாட்டு, மேப், நடைபாதையில் விழுந்தவர்கள் எல்லாவற்றையும் சொன்னேன். ஐம்பது பேர் வெளியே காத்திருக்கும்போது ஒரு டாக்டரிடம் வீடியோ கேம் பற்றிப் பேசின முதல் நோயாளி நானாகத்தான் இருப்பேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். "இதை எந்தத் தாளும் எனக்குக் காட்டியிருக்காது" என்றார். இன்னும் ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம், அப்போதும் உறுதி சொல்ல முடியாது, மலைச்சாலை என்பதால் இனி வேண்டாம் என்றே சொல்ல நேரலாம் என்றார். அதை அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

மலைக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்கு வலப்பக்க ஜன்னல் கிடைத்தது. சுகந்தி என் இடப்பக்கம் உட்கார்ந்தாள். நான் பேசிக்கொண்டே வந்தேன். ஜீப்பை ஸ்டீபன் ஓட்டட்டும், ஸ்டாண்டில் புக்கிங் எழுத ஆள் கேட்டார்கள், அதை நான் பார்க்கலாம் என்று என்னென்னவோ. உண்மையில் அழுகை வராமலிருக்கத்தான் பேசினேன். வெகுநேரம் அவள் பதிலே சொல்லவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. தலையை அவள் பக்கம் கொண்டுபோனேன். அவள் முகம் முழுக்க நனைந்திருந்தது.

"எப்பலேருந்து அழுத?"

"போடி தாண்டுனதுலேருந்து."

போடி தாண்டி அரைமணி நேரமாகியிருந்தது. என் தோளை ஒட்டி உட்கார்ந்து அரைமணி நேரம் அழுதிருக்கிறாள், நான் ஜன்னலோடு பேசிக்கொண்டு வந்திருக்கிறேன். இந்த ஆறு மாதத்தில் அவள் என் இடப்பக்கம் நின்று எத்தனை தடவை அழுதிருப்பாள் என்று கணக்கே இல்லை. என் வலப்பக்கம் எல்லோரையும்போல அந்தந்த நேரத்தில் நடக்கிறது. இடப்பக்கம் நடப்பவை எனக்குத் தாமதமாகத்தான் வந்து சேர்கின்றன. சில வராமலே போய்விடுகின்றன.

"எந்திரி, நீ ஜன்னல் பக்கம் வா. இந்தப் பக்கம்னா நான் உன்னப் பாத்துட்டே வருவேன்" என்றேன்.

"வேண்டாம். நான் இங்கயே இருக்கேன். நீங்க திரும்பிப் பாருங்க."

பஸ் மேலே ஏறிக்கொண்டிருந்தது. போடிமெட்டு வரும்வரை, ஒவ்வொரு வளைவிலும் நான் இடப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அவள் இருந்தாள்.