பட்டணப் பெட்டியில் எரிந்த வெள்ளை விளக்கு

வீடியோ கேம் என்ற சொல்லே எங்கள் எலப்புள்ளிப் பக்கம் எட்டிப் பார்க்காத எழுபதுகளில், நான் ஒரு விளையாட்டுக்குப் பைத்தியமாக இருந்தேன். புதிதாகக் கல்யாணமாகி வந்தவள் விளையாட்டுப் பெட்டி முன்னால் நின்று ஸ்விட்சை அமுக்குகிறாளே என்று ஊரே பேசியது. பேசினால் பேசட்டும் என்று மறுநாளும் போனேன்.

மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்குக் கோயில் மைதானத்தில் கடைகள் வரும். அவற்றோடு அந்தப் பெட்டியும் வரும். கோயம்புத்தூர் மோட்டார் பட்டறையில் வேலை பார்த்த ஒருவர் அதைத் தானே செய்து கொண்டுவருவார். ஆளுயர மரப்பெட்டி, முன்னால் கண்ணாடி. உள்ளே தகரத்தில் வெட்டிய ஒரு பட்டணம்: மாடிக்கு மேல் மாடி, சந்துக்குச் சந்து ஒயர், நடுவில் ஒரு கோபுரம். கோபுரத்தில் இருந்து ஆள்வது மனிதன் இல்லை, யோசிக்கத் தெரிந்த இயந்திரம். ஒரு சின்னப் பச்சை பல்புதான் நாம். அதைக் கோபுரத்தின் கண்ணில் படாமல் நகர்த்தி நகர்த்திப் பட்டண வாசலுக்கு வெளியே சேர்க்க வேண்டும். சிக்கினால் சிவப்பு விளக்கு எரியும், தப்பித்தால் வெள்ளை.

பெட்டியோடு வருஷத்துக்கு ஒரு பாகமாகக் கதைப் புத்தகமும் விற்பார். சாணித்தாள், தொட்டால் கையில் மை ஒட்டும். பெட்டியில் இல்லாததெல்லாம் அதில் இருந்தது. அந்தப் பட்டணத்தில் ஒவ்வொருவருக்கும் காதுக்குப் பின்னால் ஓர் ஒயர் செருகியிருக்கும். அதன் வழியாகக் கோபுரம் பேசும். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று விசாரிக்கும். அரக்கன்போல் கத்தியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அது பிரியமாகப் பேசியதால்தான் பயந்தேன்.

அடுத்த வருஷம் பெட்டி எங்கள் பக்கம் வராமல் மலைக்குப் போய்விட்டது. அங்கே வண்டிப்பெரியாரில் மளிகைக் கடை வைத்திருந்த என் தாய்மாமன் இரண்டாம் பாகத்துப் புத்தகத்தைத் தெரிந்த ஆள் மூலம் கொடுத்தனுப்பினார். விளையாட்டு இல்லாமல் கதையை மட்டும் படித்தேன். அதில், தப்பித்துப் போன ஆள் தானாகவே பட்டணத்துக்குத் திரும்பி வருகிறான். வெளியே யாரும் அவனை விசாரிக்கவில்லையாம். எழுதிய ஆளை நிற்க வைத்து நாலு கேள்வி கேட்க வேண்டும்போல் இருந்தது.

மூன்றாம் வருஷம் என் வீட்டுக்காரருக்குக் கஞ்சிக்கோட்டில் புதிதாக வந்த ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. கைப்பிடியை ஏற்றி இறக்கித் தகடு அடிக்கிற மெஷின். அவர் வயலில் கிடந்த மனுஷர். மாட்டோடு பேசுவார், மடை திறக்கும்போது தண்ணீரோடும் பேசுவார். அவரை ஒரு மெஷினுக்கு முன்னால் நிறுத்திவிட்டால் அதே ஆளாக எனக்குத் திரும்பக் கிடைப்பாரா என்று பயந்தேன். அந்தப் பயத்தை யாரிடம் சொன்னாலும் சிரித்தார்கள்.

வேலைக்குப் போகலாமா என்று அந்த வருஷ நோம்பியில் எங்கள் வழக்கப்படி அம்மனிடம் பூ கேட்டோம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் பொட்டலம் கட்டி சாமி முன்னால் வைத்து, விவரம் அறியாத குழந்தை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. சிவப்பு வந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் முகம் தொங்கிப்போனது. இரண்டாம் தடவை கேட்பது சாமியைச் சோதிப்பதாகிவிடும் என்பதால் யாரும் கேட்கவில்லை.

வெளியே வந்தால் எதிரிலேயே, மறுபடி வந்திருந்த பட்டணப் பெட்டி. மனசு ஆறட்டும் என்று அவர் போய் நின்றார். பச்சை பல்பைக் கோபுரத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார் பெட்டிக்காரர். அதுவரை ஸ்விட்சைத் தொட்டே பார்க்காத மனுஷர் அமுக்க அமுக்க, பல்பு எங்கேயும் சிக்காமல் ஓடியது. வெள்ளை விளக்கு எரிந்தது.

"அம்மா, பாத்தியா? வெள்ளை!" என்று தன் தாயைப் பார்த்துக் கத்தினார்.

என் மாமியார் சிரிக்கவில்லை. அப்போதுதான் போட்ட செருப்பைக் கழற்றிவிட்டுப் பெட்டியைக் கும்பிட்டார். "கோயிலு எடத்துலதானே எரிஞ்சிருக்குது. அம்மன் மனசு மாறீட்டாளாட்ட இருக்குது."

நானோ அந்த வருஷத்துப் புத்தகத்தை நோம்பியின் முதல் நாளே வாங்கிப் படித்திருந்தேன். மூன்றாம் பாகத்தில் ஆட்டமே தலைகீழ். நாம் தப்பிக்கிற ஆள் இல்லை, ஆளைப் பிடித்துக் கொடுக்கிறவர்கள். வெள்ளை எரிந்தால் அவன் கோபுரத்துக்குக் கிடைத்துவிட்டான் என்று அர்த்தம்.

"ஏனுங்க, இந்த வருசம் வெள்ளைன்னா மாட்டிக்கிட்டான்னு அர்த்தமுங்க. புஸ்தகத்துல போட்டிருக்குதுங்க. வேலைக்குப் போவாதீங்க."

"ஏம்புள்ள, கதைப் புஸ்தகத்த நம்பி யாராச்சும் வேலைய உடுவாங்களா?"

பல்பை நம்பலாம், புத்தகத்தை நம்பக் கூடாது. இந்த நியாயத்தை எங்கே போய்ச் சொல்லி அழுவது? பெட்டிக்காரரையே சொல்லச் சொன்னேன். கும்பிடு வாங்கிய பெட்டியைக் குறை சொல்ல அவருக்கென்ன கிறுக்கா? "எல்லாம் நல்லதுக்குத்தானுங்க" என்றுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

என் வீட்டுக்காரர் வேலைக்குப் போனார். கெட்டது எதுவும் நடக்கவில்லை. காயம் இல்லை, குடி இல்லை, நேரத்துக்கு வீடு வந்தார். பேச்சு மட்டும் குறைந்தது, அலுப்பு என்றார். பெட்டியையும் புத்தகத்தையும் சொல்லி மாமியார் என்னைக் கேலி செய்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் தூங்கிப்போனார். பாத்திரத்தை ஒதுக்கிவிட்டு வந்து பார்த்தேன். ஆள் நன்றாகத் தூங்கினார், வலது கை மட்டும் தூங்கவில்லை. மேலே போனது, கீழே இறங்கியது, மறுபடி மேலே போனது. ஒரே அளவு, ஒரே வேகம். பயந்துபோய் அந்தக் கையை என் இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தேன்.

கண்ணைத் திறக்காமலே, "உடுங்க சார், இன்னும் மணி அடிக்கலீங்க" என்றார்.