தம்பிக்குப் பதிலாக நான்

என் தம்பியை அம்மா கர்த்தருக்குக் கொடுத்திருந்தார். பெரியவனானதும் சபை ஊழியத்துக்கு அனுப்புவதாகப் பொருத்தனை, நேர்ந்துகொள்வது மாதிரி. சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பிக்கு முன்பே இந்தச் செய்தி வந்துவிடும். எனக்கு அதனால் நஷ்டம்தான். அவன் என் கலர் பென்சிலை ஒடித்தாலும், "கர்த்தருக்குக் குடுத்த பிள்ளைய அடிக்கலாமாடி?" என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொள்வார். முட்டையில் மஞ்சள் கருவும் அவனுக்குத்தான்.

அவனுக்கு ஐந்து வயது. இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பியிருந்தது. இரும்புப் பட்டை வைத்த பூட்ஸோடு வீடு முழுக்கத் திரிவான். பழகிவிட்டதால் நான் அதைப் பெரிதாக நினைத்ததே இல்லை.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு டிசம்பர் விடுமுறை. சபைப் பிள்ளைகளை லாரியில் ஏற்றி, சாங்கிக் கடற்கரையில் மூன்று நாள் முகாமுக்குக் கூட்டிப்போனார்கள். எனக்குப் பத்து வயது. பக்தியெல்லாம் ஒன்றுமில்லை, கடலில் குளிக்கலாம் என்றுதான் போனேன்.

இரண்டாம் நாள் காலை, சவுக்கு மரத்தடியில் போதகர் காணிக்கையைப் பற்றிப் பேசினார். அந்தக் காலத்தில் ஆட்டைப் பலி கொடுப்பார்களாம். நொண்டி ஆட்டையும் குருட்டு ஆட்டையும் கொண்டுவந்தால் கர்த்தர் ஏற்கமாட்டாராம், பழுதில்லாததைத்தான் கொடுக்க வேண்டுமாம். நல்ல மனிதர். காணிக்கைத் தட்டில் கிழிந்த நோட்டைப் போடுகிறவர்களை நினைத்துச் சொல்லியிருப்பார். எனக்குத் தம்பியின் கால்தான் நினைவுக்கு வந்தது.

அம்மா கொடுத்தபோது தம்பி நன்றாகத்தானே இருந்திருப்பான்? அதற்குப் பிறகல்லவா கால் போயிருக்கும்? இப்போது கர்த்தர் அவனை வேண்டாமென்று தள்ளிவிட்டால், பொருத்தனை என்னாவது? கோபித்துக்கொண்டு அவனை ஏதாவது செய்துவிட்டால்? மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. "குளிக்க வா லா!" என்று தோழிகள் கூப்பிட்டும் போகவில்லை.

மறுநாள் காலை கடைசிக் கூட்டம். "தன்னைக் கர்த்தருக்குக் குடுக்க விரும்புறவங்க எழுந்து நில்லுங்க," என்றார் போதகர். என்னை நானே ஒருமுறை பார்த்துக்கொண்டேன். பொய் சொல்வேன். முகாம் சமையலறையில் பிஸ்கட் திருடியிருந்தேன். ஆனால் கால் இரண்டும் நேராக இருந்தன. முதல் ஆளாக எழுந்தேன். தம்பிக்குப் பதிலாக என்னை எடுத்துக்கொள்ளும், அவனை அம்மாவிடமே விட்டுவிடும் என்று மனதுக்குள் ஜெபித்தேன்.

போதகரின் மனைவி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "இந்த வயசுல எவ்வளவு விசுவாசம் பாருங்க!" என்றார். எனக்கு இருந்தது பயம்தான். ஆனாலும், நான் சொன்னதை யாரோ கேட்டார் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. அந்த நிச்சயம் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நொண்டி ஆட்டைப் பற்றியும் சொன்னேன். "இனிமே தம்பிய நீங்களே வச்சுக்கலாம்மா. நான் போறேன்னு சொல்லிட்டேன்."

தம்பியின் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"கால் போனதுக்கு அப்புறந்தான்டி குடுத்தேன்," என்றார். "ஆஸ்பத்திரில மூச்சு விட முடியாமக் கெடந்தான். பொழைச்சா போதும், உமக்கே தர்றேன்னு சொன்னேன்." பிறகு என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். "உன்னையும் குடுத்துட்டு நான் என்னடி பண்ணுவேன்?"

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நொண்டியைக் கொடுத்துவிட்டு நல்லதை வீட்டில் வைத்துக்கொள்ளப் பார்க்கிறாரே, கர்த்தரையே ஏமாற்றுகிறாரே என்று நினைத்தேன். கையை உதறினேன், அம்மா விடவில்லை. எங்கள் இருவரில் யாரையுமே கொடுக்க மனமில்லாத ஒருவர்தான் ஆஸ்பத்திரியில் அவனைக் கொடுத்திருந்தார் என்பது எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.