இருபத்திரண்டு பச்சை

அப்பா ஒரு சலவைத் தொழிற்சாலையில் இஸ்திரிப் பிரிவின் சூப்பர்வைசர். ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகள் ஈரமாக வந்து, நீராவியில் கொதிக்கும் உருளைகளுக்குள் நுழைந்து, மறுபக்கம் காய்ந்து விழும். இருபத்திரண்டு பேர். எட்டு மணி நேரம். நின்றபடி.

அவர்களைச் சந்தோஷமாக வைத்துக்கொள்ள அப்பாவுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். தினமும் ஒவ்வொருவரின் இடத்திலும் பத்து நிமிடம் அவர் நிற்பார். அந்த ஆள் போய் உட்காரலாம், தண்ணீர் குடிக்கலாம், அழலாம். ஏன் என்று கேட்க மாட்டார். மொத்தம் இருநூற்றிருபது நிமிடம். அவருக்கு மாற்றாக நிற்க யாரும் கிடையாது.

நான்கு வருடங்களுக்கு முன் ஒவ்வொரு பிரிவின் வாசலிலும் ஒரு பெட்டியை மாட்டினார்கள். பச்சையில் சிரித்த முகம், மஞ்சளில் சும்மா இருக்கும் முகம், சிவப்பில் தொங்கிப்போன முகம். வீட்டுக்குப் போகும்போது ஆளுக்கு ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தியது யார் என்று பெட்டிக்குத் தெரியாது. நேரம் மட்டும் பதிவாகும். ஆட்களைவிட எண்ணிக்கை குறைந்தால் சூப்பர்வைசரைக் கேட்பார்கள்.

முதல் மாதம் எல்லாரும் உள்ளதை அழுத்தினார்கள். பாதிக்குமேல் சிவப்பு. மேனேஜர், "இடம் மாறினா மனசு மாறும்" என்று சொல்லி, கண்ணில் பட்ட இரண்டு பெண்களை அழுக்குத் துணி பிரிக்கும் அறைக்கு அனுப்பினார். ரத்தமும் மலமும் ஒட்டிய விரிப்புகள் வரும் அறை. ஒருத்தி ஒரே வாரத்தில் வேலையை விட்டாள். அவர்கள் இடத்துக்கு வேறு இருவர் வந்தார்கள்.

அதிலிருந்து அப்பா எல்லாரையும் முதலில் அனுப்பிவிட்டு, பெட்டி முன்னால் தனியாக நின்று இருபத்து மூன்று தடவை பச்சையை அழுத்தினார். கடைசி ஒன்று தனக்கு.

முதல் உருளையில் நிற்கும் அக்கா மறுநாள் காலையில் கேட்பாராம்: "என்னண்ணே, நேத்து நான் சந்தோஷமா இருந்தேனா?"

"ரொம்ப. உன் வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா சந்தேகப்படுவாரு தங்கச்சி."

நான் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். அப்பா இதைச் சிரித்துக்கொண்டே சொன்னபோது எனக்குத் தெரிந்தது அதிலிருந்த தொழில்நுட்பக் குறை மட்டும்தான்.

"ஒரே மூச்சுல அழுத்தாதீங்கப்பா, மாட்டிக்குவீங்க. மூணு செகண்ட், ஏழு, நாலு, பதினொண்ணுன்னு மாத்தி மாத்தி விடுங்க."

"இன்ஜினியரம்மா சொன்னா சரி."

இஸ்திரிப் பிரிவு மூன்று வருடம் தொடர்ந்து முதலிடம். கேடயம் கொடுத்தார்கள்.

இந்தக் கோடையில் சூட்டை வெளியே இழுக்கும் பெரிய ஃபேன் எரிந்துபோனது. புதியது கேட்டு அப்பா எழுதிக் கொடுத்தார். மேனேஜர் திரையைக் காட்டினார். "உங்க ஆளுங்கதான் இங்கயே ரொம்ப சந்தோஷமா இருக்காங்களே." வாங்கிய ஒரே ஃபேனும் சிவப்பு அதிகம் விழுந்த மடிப்புப் பிரிவுக்குப் போனது.

நான் கொடுத்தனுப்பிய வெப்பமானி உருளைப் பக்கத்தில் நாற்பத்தேழு டிகிரி காட்டியது.

"ஒரு வாரம் சிவப்பை அழுத்துங்கப்பா. ஃபேன் தானா வரும்."

"ஃபேன் வருமோ என்னமோ, ரெண்டு பேர் அழுக்குத் துணிக்குப் போறது நிச்சயம். யாரை அனுப்பலாம், நீயே சொல்லு."

அந்த வெக்கையிலும் அவர் பத்து நிமிடங்களை நிறுத்தவில்லை.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம், முதல் உருளையில், அந்த அக்காவின் இடத்தில் நின்றபடியே சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

அக்கா வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "தண்ணி குடிச்சு முடிச்சிட்டேன் பாப்பா. எந்திரிச்சிருக்கலாம். இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கேன்னு உட்கார்ந்துட்டேன்."

பதினாறாம் நாளுக்குப் பிறகு அப்பாவின் பொருள்களை வாங்கப் போனேன். சாப்பாட்டு டப்பா, கண்ணாடி, வெப்பமானி. மேனேஜர் கேடயத்தையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். அப்பா இறந்ததற்கு முந்தின நாள் பெட்டியில் விழுந்த பதிவைப் பார்க்கலாமா என்று கேட்டேன். பெருமையாகத் திரையைத் திருப்பினார்.

புதன்கிழமை, ஐந்து மணி நான்கு நிமிடம். பச்சை. மூன்று செகண்ட் கழித்துப் பச்சை. ஏழு. நான்கு. பதினொன்று. நான் சொல்லிக் கொடுத்த இடைவெளிகள், வரிசை மாறாமல். இருபத்திரண்டு பச்சை. பிறகு நாற்பத்தொரு செகண்ட் ஒன்றுமில்லை.

பிறகு ஒரு சிவப்பு.

மேனேஜரும் பார்த்தார். "அது ஒண்ணுமில்லம்மா. கை பட்டிருக்கும். நாங்க சராசரியில சேர்க்கல."

நான் வெளியே வரும்போது மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. ஃபேன் இருந்த சுவர் இன்னும் ஓட்டையாகவே இருந்தது. உருளைகள் நின்றிருந்தன. எல்லாரும் போய்விட்டார்கள். புது சூப்பர்வைசர் அந்த அக்காதான். பெட்டி முன்னால் தனியாக நின்று அழுத்திக்கொண்டிருந்தார், ஒரே மூச்சில், இடைவெளியே விடாமல்.

சொல்லிக்கொடுக்க வாயெடுத்தேன். பையில் கேடயம் கனத்தது. ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன்.