எடுத்துக் கொடுத்த வசனம்

பாக்கியநாதனுக்கு வலது காது கேட்காது. பள்ளிக்கூடத்தில் பிச்சைமுத்து வாத்தியார் அறைந்ததில் போனது. அன்று அவன் பதிலைச் சரியாகத்தான் சொன்னான். வாத்தியார்தான் கள்ளுக்கடையிலிருந்து நேரே வகுப்புக்கு வந்திருந்தார்.

பிறகு தந்தி ஆபீஸ் வேலைக்குப் போனபோது முதலில் காதைத்தான் சோதித்தார்கள்; வேலை கிடைக்கவில்லை. பினாங்குக் கடற்கரையில் ஒரு கிட்டங்கியில் கொப்பரை நிறுத்துக் கணக்கெழுதும் கிராணியானான்.

வாத்தியார் ஓய்வு பெற்றுப் புக்கிட் மெர்தாஜாமில் மகள் வீட்டில் இருந்தார். கல்யாண வீடுகளில் பழைய மாணவர்கள் எழுந்து அவருக்கு நாற்காலி கொடுப்பார்கள். பாக்கியநாதன் எழுந்திருக்க மாட்டான். திமிர் பிடித்தவன் என்றார்கள்.

1934இல் மாதா கோயில் திருநாளுக்கு வின்சென்ட் என்ற இளைஞன் ஒரு நாடகம் எழுதினான். குடிக்கிற, அடிக்கிற ஒரு வாத்தியார். அவரிடம் அடிபட்டவன் டாக்டராகித் திரும்பி வந்து காலில் விழுகிறான். டாக்டர் வேஷம் வின்சென்டுக்கு. வாத்தியார் வேஷத்துக்குப் பிச்சைமுத்து வாத்தியாரையே அழைத்து வந்தார்கள்.

"அடி வாங்காம எவன் உருப்பட்டான், சொல்லுங்கண்ணே?" என்றான் வின்சென்ட், பாக்கியநாதனிடம்.

"நீ அவர்கிட்ட படிச்சியா?"

"இல்லண்ணே."

"அதான் பேசுற."

வாத்தியாருக்கு வசனம் மனத்தில் நிற்கவில்லை. ஒருவர் படுதா ஓரத்தில் நின்று வரி வரியாக எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த வேலையைப் பாக்கியநாதன் கேட்டு வாங்கிக்கொண்டான். ஒத்திகையில் அவன் சொல்லச் சொல்ல, அவர் அப்படியே திருப்பிச் சொன்னார். என்ன சொல்கிறோம் என்றுகூடப் பார்க்கவில்லை. அப்போதுதான் பாக்கியநாதனுக்கு அது தோன்றியது. அந்த வாயே சொல்ல வேண்டும். ஊர் கேட்க வேண்டும்.

திருநாளன்று கடைசிக் காட்சி. 'உன்னைச் செதுக்கியவன் நான்' என்று வாத்தியார் பெருமையாகச் சொல்ல வேண்டும். பாக்கியநாதன் வேறு எடுத்துக் கொடுத்தான்.

"நான் குடித்துவிட்டு வந்தேன்."

"நான் குடித்துவிட்டு வந்தேன்," என்றார் வாத்தியார், உரத்த குரலில்.

"நீ தப்புச் செய்யவில்லை."

"நீ தப்புச் செய்யவில்லை."

"உன் காதை நான் கெடுத்தேன்."

வாத்தியார் நின்றார். அவர் பார்வை படுதா ஓரத்துக்குப் போனது. பிறகு மெதுவாகச் சொன்னார்: "உன் காதை நான் கெடுத்தேன்."

வின்சென்ட் திகைத்தான். தனக்குத் தெரிந்த வசனத்தைச் சொன்னான். "அந்த அடிதான் ஐயா என்னை ஆளாக்கியது." காலில் விழுந்தான்.

பெண்கள் பக்கம் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. முன்வரிசையில் பங்குச் சாமியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். யாரோ "ஒன்ஸ்மோர்!" என்று கத்த, கூடமே கத்தியது.

பாக்கியநாதனுக்கு உடம்பு எரிந்தது. மன்னிக்க இவன் யார்? இவனுக்கு எந்தக் காது போயிற்று?

காட்சி மறுபடி தொடங்கியது. வாத்தியார் நடு மேடைக்கு வந்து காத்திருந்தார். பாக்கியநாதன் வாயைத் திறக்கவில்லை.

"பெருசு மறந்துட்டாருடா!" முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் சிரித்தார்கள்.

வின்சென்ட் ஓரத்துக்கு நகர்ந்து வந்தான். "அண்ணே, எடுத்துக் குடுங்க லா. மானம் போவுது."

"அவருக்குத் தெரியும். சொல்லட்டும்."

"வயசானவருண்ணே!"

"சொல்லட்டும்."

வாத்தியாரின் வாய் திறந்தது. மூடியது. சிரிப்பு பின்வரிசை வரைக்கும் போனது. படுதாக் கயிறு பாக்கியநாதனின் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கியது. அவன் அதைத் தொடவில்லை.